கூட்டணிதான் உலகப்போரை மூட்டியதா? ஒப்பந்தங்களில் உண்மையில் என்ன இருந்தது

முதல் உலகப்போர் ஏன் மூண்டது என்று கேட்டால், பள்ளியில் வரலாறு படித்த எவரும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவார்கள். ஐரோப்பா இரண்டு அணிகளாகப் பிரிந்து கிடந்தது. சரயேவோவில் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சுடப்பட்டார். ஆஸ்திரியா செர்பியா மேல் பாய, செர்பியாவுக்காக ரஷ்யா வந்தது. ரஷ்யாவை எதிர்த்து ஜெர்மனி, ஜெர்மனியை எதிர்த்து பிரான்ஸ், பிரான்சுக்காக பிரிட்டன் என்று வரிசையாக இறங்கிவிட்டார்கள். கூட்டணி இருந்ததால் யாராலும் விலகி நிற்க முடியவில்லை.

தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அன்றைய ஒப்பந்தங்களை எடுத்துப் படித்தால் இந்தச் சங்கிலியில் பாதி வளையங்கள் காணாமல் போகின்றன. செர்பியாவைக் காப்பதாக ரஷ்யா எந்த ராணுவ ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டிருக்கவில்லை. பிரான்சுக்காகப் போரிடுவதாக பிரிட்டன் எழுதிக் கொடுக்கவில்லை. முப்பத்திரண்டு ஆண்டுகளாக எழுத்து மூலம் கட்டுண்டிருந்த இத்தாலியோ வரவே இல்லை. அடுத்த ஆண்டு எதிரணியில் போய்ச் சேர்ந்தது.

ஆக, கூட்டணி என்பது நாம் நினைக்கும் விதத்தில் வேலை செய்வதில்லை. எப்படித்தான் செய்கிறது என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

ஜாமீன் கையெழுத்தும் வாய்ச்சொல்லும்

நண்பர் ஒருவர் வங்கியில் கடன் வாங்குகிறார், நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறீர்கள். அதனால் அவருடைய எல்லாக் கடனுக்கும் நீங்கள் பொறுப்பாகிவிடுவதில்லை. எந்தக் கடன், எவ்வளவு தொகை, எந்த நிலைமையில் வங்கி உங்களிடம் வரலாம் என்பதெல்லாம் தாளில் இருக்கும். அதே நண்பர் வெளியில் வேறொருவரிடம் கைமாற்று வாங்கித் திருப்பித் தராவிட்டால் உங்களை யாரும் கேட்க முடியாது. இன்னொரு நண்பரிடம் நீங்கள் கையெழுத்து எதுவும் போடாமல், "ஒன்றும் கவலைப்படாதே, பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். சட்டப்படி அது உங்களைக் கட்டாது. ஆனாலும் அவர் அதை நம்பி வீட்டை விற்றுவிட்டார் என்றால், உங்களால் அவ்வளவு எளிதில் கைகழுவ முடியாது.

1914-ல் ஐரோப்பாவில் இந்த இரண்டு வகையும் இருந்தன. இரண்டையும் 'கூட்டணி' என்ற ஒரே பெயரில் அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

ராணுவக் கூட்டணி என்றால், இன்ன நிலைமை வந்தால் இன்னதைச் செய்வோம் என்று நாடுகள் எழுதிக் கையெழுத்திடும் உறுதி. அந்த 'இன்ன நிலைமை'யை இந்தக் கட்டுரையில் கடமைச் சூழல் என்று அழைப்போம். அது எழாதவரை, கூட்டாளி போரில் இருந்தாலும் மற்றவர் வீட்டில் இருக்கலாம், வாக்குத் தவறியதாகாது. நேச உறவு இதிலிருந்து வேறு. பழைய தகராறுகளைத் தீர்த்துக்கொண்டு, இனி கலந்து பேசி நடப்போம் என்ற அளவில் நிற்பது அது. மூன்றாவதாக உத்தரவாதம் என்று ஒன்று உண்டு. ஒரு சிறிய நாட்டின் நடுநிலையைப் பெரிய நாடுகள் சேர்ந்து காப்பதாகச் சொல்வது. 1914-ல் பெல்ஜியத்துக்கு இருந்தது இதுதான்.

எந்தத் தாளில் என்ன இருந்தது

1879 அக்டோபரில் ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் மிகத் தெளிவானது. இருவரில் ஒருவரை ரஷ்யா தாக்கினால் மற்றவர் முழுப் பலத்தோடு வர வேண்டும். வேறு நாடு தாக்கினால், அதாவது பிரான்ஸ் ஜெர்மனியைத் தாக்கினால், ஆஸ்திரியா போரில் இறங்காமல் நல்லெண்ண நடுநிலை காத்தால் போதும். அந்த வேறு நாட்டோடு ரஷ்யாவும் சேர்ந்துகொண்டால் மட்டும் இறங்க வேண்டும். சொல்லப்படாதது இன்னும் முக்கியம்: கூட்டாளி தானே போய் ஒருவரைத் தாக்கினால் உதவ வேண்டும் என்று எங்கும் இல்லை.

1882 மே மாதம் இத்தாலியும் சேர்ந்து மூவர் கூட்டு ஆனது. இத்தாலியின் கடமையும் தற்காப்புக்குத்தான். தூண்டுதல் இல்லாமல் பிரான்ஸ் ஜெர்மனியைத் தாக்கினாலோ, இரண்டு வல்லரசுகள் சேர்ந்து கூட்டாளியைத் தாக்கினாலோ அது வர வேண்டும். இந்த ஒப்பந்தம் பிரிட்டனுக்கு எதிரானதல்ல என்றும் இத்தாலி அப்போதே அறிவித்துக்கொண்டது. பின்னாளில் சேர்ந்த ஏழாவது பிரிவு, பால்கன் பகுதியில் ஆஸ்திரியா நிலத்தைக் கைப்பற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே இத்தாலியோடு பேசி ஈடு தர வேண்டும் என்றது.

எதிர்ப்பக்கத்தில், பிரான்சும் ரஷ்யாவும் 1892-ல் ராணுவ உடன்பாடு எழுதி 1894 தொடக்கத்தில் உறுதிசெய்தன. இதுதான் அந்தக் காலத்தின் இறுக்கமான தாள். எத்தனை வீரர் என்பதுகூட அதில் உண்டு: ஜெர்மனிக்கு எதிராகப் பிரான்ஸ் 13 லட்சம் பேர், ரஷ்யா 7 அல்லது 8 லட்சம் பேர். மூவர் கூட்டின் ஏதாவது ஒரு நாடு படைதிரட்டினாலே இருவரும் காத்திராமல் உடனே படைதிரட்ட வேண்டும். உடன்பாட்டின் ஆயுள், மூவர் கூட்டு நிலைக்கும் வரை.

பிரிட்டன் 1904 ஏப்ரலில் பிரான்சோடும் 1907 ஆகஸ்டில் ரஷ்யாவோடும் செய்துகொண்டவை இந்த வகையல்ல. முதலாவது எகிப்து, மொராக்கோ, நியூஃபவுண்ட்லாந்து மீன்பிடிப்பு உரிமை ஆகியவற்றைப் பற்றியது. இரண்டாவது பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் பற்றியது. இரண்டிலும் போர் என்ற பேச்சே இல்லை. பாடநூல்கள் இவற்றையும் பிரான்ஸ்-ரஷ்யா உடன்பாட்டையும் சேர்த்து மூவர் நேச உறவு என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுகின்றன.

சுருக்கமாக: ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலி மூன்றும் கையெழுத்துப் போட்டவை, ஆனால் தற்காப்புக்கு மட்டும். பிரான்சும் ரஷ்யாவும் கையெழுத்துப் போட்டவை, அதுவும் கறாராக. பிரிட்டன் வாய்ச்சொல்லோடு நின்ற நாடு.

1914: தேதிவாரியாக உரசிப் பார்த்தால்

ஜூன் 28-ல் கொலை. ஜூலை 5, 6 தேதிகளில் ஜெர்மனி, என்ன செய்தாலும் துணை நிற்போம் என்று ஆஸ்திரியாவிடம் சொன்னது. 'வெற்றுக் காசோலை' என்று வரலாற்றில் பெயர் பெற்றது இதுதான். 1879 ஒப்பந்தம் கேட்டதைத் தாண்டி, அன்றைய ஜெர்மன் அரசு தானாக விரும்பிக் கொடுத்தது இது. கூட்டணி ஜெர்மனியை இழுத்துச் சென்றது என்பவர்கள் இந்த இடத்தைக் கவனிப்பதே இல்லை.

ஜூலை 23-ல் ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணிநேர இறுதி எச்சரிக்கை கொடுத்து, 28-ல் போர் அறிவித்தது. ரஷ்யா 30-ஆம் தேதி முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. ஆகஸ்ட் 1-ல் ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. ரஷ்யா அதுவரை ஆஸ்திரியாவைத் தாக்கியிருக்கவில்லை என்பதால், தாளின்படி ஜெர்மனிக்குக் கடமைச் சூழல் எழவே இல்லை. இதைவிட வினோதம் ஒன்று: யாருக்காக இதெல்லாம் என்று சொன்னார்களோ, அந்த ஆஸ்திரியா ரஷ்யா மீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6-ல்தான். துணைக்கு வந்தவர் களத்தில் இறங்கி ஐந்து நாள் கழித்து வழக்குக்குரியவர் வந்து சேர்கிறார்.

பிரான்சுக்கு மட்டும் கடமைச் சூழல் உண்மையாகவே எழுந்தது. ரஷ்யாவை ஜெர்மனி தாக்குகிறது அல்லவா? ஆனால் பிரான்ஸ் அவசரப்படவில்லை. எல்லையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியே நிற்கும்படி தன் படைக்கு உத்தரவிட்டிருந்தது. தாக்கியவர் ஜெர்மனி என்று தெளிவாகத் தெரிந்தால்தான் பிரிட்டன் வரும் என்ற கணக்கு அது. ஆகஸ்ட் 3-ல் ஜெர்மனியே பிரான்ஸ் மீதும் போர் அறிவித்து அந்த வேலையை முடித்துவைத்தது.

பிரிட்டன் ஏன் வந்தது

கையெழுத்து இல்லை என்றேன். ஆனால் 1906-லிருந்து இரு நாட்டு ராணுவ அதிகாரிகளும், ஜெர்மனி தாக்கினால் பிரிட்டிஷ் படை பிரான்சில் எந்தத் துறைமுகத்தில் இறங்கும், எந்த ரயிலில் ஏறும் என்று பேசி வைத்திருந்தார்கள். பிரான்ஸ் தன் கடற்படையின் பெரும்பகுதியை மத்தியதரைக் கடலுக்கு நகர்த்த, பிரிட்டன் வடகடலில் தன் பலத்தைக் குவித்தது. பிரான்சின் வடக்குக் கடற்கரை இதனால் காலியாகக் கிடந்தது. 1912 நவம்பரில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரேயும் பிரெஞ்சுத் தூதர் பால் காம்போனும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், இந்தப் பேச்சுகள் யாரையும் கட்டாது என்று கவனமாகச் சொல்கின்றன. நண்பர் வீட்டை விற்றபிறகு, நான் ஒன்றும் கையெழுத்துப் போடவில்லையே என்பதற்கு இது சமம்.

அமைச்சரவை பிளந்து கிடந்தது. ஆகஸ்ட் 2-ல், ஜெர்மன் கப்பல்கள் பிரெஞ்சுக் கடற்கரைக்கு வந்தால் தடுப்போம் என்ற அளவுக்குத்தான் அவர்கள் முன்வந்தார்கள். முடிச்சை அவிழ்த்தது பெல்ஜியம். 1839 லண்டன் ஒப்பந்தத்தில் பெல்ஜியத்தின் நடுநிலைக்கு உத்தரவாதம் தந்த ஐந்து நாடுகளில் பிரிட்டனும் ஒன்று, ஜெர்மனியின் முன்னோடியான பிரஷ்யாவும் ஒன்று. ஆகஸ்ட் 4 காலை ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. அன்றிரவு 11 மணிக்கு பிரிட்டன் போரில் இருந்தது. ஜான் மோர்லி, ஜான் பர்ன்ஸ் என்ற இரண்டு அமைச்சர்கள் பதவி விலகினார்கள்.

பெல்ஜியம் இல்லாவிட்டாலும் பிரிட்டன் வந்திருக்குமா என்று இன்றும் வாதாடுகிறார்கள். வந்திருக்கும், ஆனால் தாமதமாகவும் உள்ளே பிளவுபட்டும் வந்திருக்கும் என்பது என் கணிப்பு. பிரான்சை வீழ்த்திய ஜெர்மனி ஆங்கிலக் கால்வாய்க் கரையில் நிற்பதை எந்த லண்டன் அரசும் ஏற்றுக்கொள்ளாது.

ஒரு துணுக்கு: பிரிட்டனும் பிரான்சும் ரஷ்யாவும் முறைப்படி கூட்டணி ஆனது 1914 செப்டம்பர் 5-ல். தனியாகச் சமாதானம் பேசமாட்டோம் என்று அன்றுதான் லண்டனில் கையெழுத்திட்டார்கள். அதாவது கூட்டணியால் போர் வந்து ஒரு மாதம் கழித்துத்தான் கூட்டணியே வந்தது!

அப்படியானால் வேகத்துக்குக் காரணம் எது

படைதிரட்டல். அமைதிக்காலத்தில் வீட்டுக்கு அனுப்பியிருந்த பயிற்சி பெற்ற ஆண்களைத் திரும்ப அழைத்து, சீருடையும் ஆயுதமும் கொடுத்து, ரயிலில் ஏற்றி எல்லையில் நிறுத்துவது. ஜெர்மனி இதற்கு சுமார் 11,000 ரயில்களைப் பயன்படுத்தி ஏறக்குறைய 30 லட்சம் பேரை நகர்த்தியது. ஒவ்வொரு ரயிலுக்கும் மணி, நிமிடக் கணக்கில் அட்டவணை. நடுவில் நிறுத்தினால் எல்லாம் குலையும்.

ஜெர்மனிக்கு இரண்டு பக்கமும் எதிரி. ரஷ்யா பரந்த நாடு, ரயில் பாதை குறைவு, படை திரள வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில், ஏறத்தாழ ஆறு வாரத்தில், பெல்ஜியம் வழியாகச் சுற்றிப் போய் பிரான்சை முடித்துவிட்டுக் கிழக்கே திரும்புவது திட்டம். அதற்கு பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டை நகரை முதல் சில நாட்களிலேயே பிடித்தாக வேண்டும். ரயில் பாதைகள் அந்த வழியாகத்தான் போகின்றன. மற்ற நாடுகளுக்குப் படைதிரட்டல் என்றால் எல்லையில் நின்று பேச்சுவார்த்தைக்குக் காத்திருக்க இடமுண்டு. ஜெர்மனிக்கு மட்டும் படைதிரட்டல் என்றால் உடனே அண்டை நாட்டுக்குள் நுழைவது. ரஷ்யா திரளத் திரள ஜெர்மனியின் கால இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ராஜதந்திரிகளுக்கு ஜூலை கடைசியில் நேரமில்லாமல் போனது இதனால்தான். எந்த ஒப்பந்தத்திலும் 12 மணிநேரத்தில் முடிவெடு என்று எழுதியிருக்கவில்லை. ரஷ்யாவுக்கு ஜெர்மனி கொடுத்த இறுதி எச்சரிக்கையில்தான் அந்தக் கெடு இருந்தது.

சுருக்கமாக: யார் யாருக்கு எதிராகத் திட்டமிட வேண்டும் என்பதைக் கூட்டணிகள் தீர்மானித்தன. எவ்வளவு சீக்கிரம் சுட வேண்டும் என்பதைத் தீர்மானித்தவை ரயில் அட்டவணைகள்.

வராத கூட்டாளிகள்

இத்தாலி ஆகஸ்ட் 3-ல் நடுநிலை அறிவித்தது. அது துரோகம் என்று பெர்லினிலும் வியன்னாவிலும் கொதித்தார்கள். தாளை வைத்துப் பார்த்தால் இத்தாலி சொன்னதில் நியாயம் இருந்தது. செர்பியாவைத் தாக்கியது ஆஸ்திரியா, எனவே தற்காப்பு இல்லை. ஏழாவது பிரிவின்படி முன்கூட்டிப் பேசவும் இல்லை. தாளுக்குப் பின்னால் நிலக்கரியும் இருந்தது. இத்தாலி தன் நிலக்கரியில் பெரும்பகுதியை பிரிட்டனிலிருந்து கப்பலில் இறக்குமதி செய்தது. அதன் நீண்ட கடற்கரை முழுவதும் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு எட்டும் தூரம். பின்னர் ஆஸ்திரியாவிடம் இருந்த நிலப்பகுதிகளைத் தருவதாக நேச நாடுகள் 1915 ஏப்ரல் 26-ல் ரகசியமாக எழுதிக் கொடுத்தன. மே 23-ல் இத்தாலி ஆஸ்திரியா மீது போர் அறிவித்தது. இதற்கு நியாயம் கற்பிப்பது கடினம். நல்ல விலை படிந்தது, அவ்வளவுதான்.

ருமேனியாவும் 1883 முதல் மூவர் கூட்டோடு ரகசியமாகக் கட்டுண்டிருந்தது. சிலருக்கு மட்டுமே தெரிந்த ஒப்பந்தம். ஜெர்மன் அரச குடும்பத்தில் பிறந்த மன்னர் முதலாம் கேரல் அதைக் காப்பாற்ற விரும்பியும் அவருடைய ஆலோசனைக் குழு மறுத்துவிட்டது. 1916 ஆகஸ்டில் ருமேனியாவும் எதிரணிக்குப் போனது. ரகசிய ஒப்பந்தத்தின் அடிப்படைக் கோளாறே இதுதான்: எதிரிக்குத் தெரியாததால் அவனை அது மிரட்டாது, சொந்த மக்களுக்குத் தெரியாததால் அவர்கள் அதற்காகச் சாகவும் மாட்டார்கள்.

ஜப்பான் நடுவில் நின்றது. 1902 முதல் பிரிட்டனின் கூட்டாளி. 1914 ஆகஸ்ட் 23-ல் ஜெர்மனி மீது போர் அறிவித்து, சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிங்தாவ் துறைமுகத்தையும் பசிபிக் தீவுகளையும் எடுத்துக்கொண்டது. ஐரோப்பிய அகழிகளுக்குப் படை அனுப்பவில்லை. அமெரிக்காவோ 1917 ஏப்ரலில் வந்தபோதும் கூட்டணியில் கையெழுத்துப் போட மறுத்து, தன்னை 'இணைந்த நாடு' என்றே அழைத்துக்கொண்டது. ஜெர்மனியின் கூட்டாளிகளான துருக்கி மீதும் பல்கேரியா மீதும் கடைசிவரை அது போர் அறிவிக்கவில்லை.

கேட்காமலே சேர்க்கப்பட்டவர்கள்

இந்தியாவும் இலங்கையும் எந்தக் கூட்டணியிலும் இல்லை. பிரிட்டன் போரில் இருந்தால் குடியேற்ற நாடும் போரில் இருப்பதாகவே பொருள். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது இந்தக் கணக்கில்தான். 1939-ல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியத் தலைவர்கள் எவரையும் கேட்காமல் இந்தியா போரில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து, சென்னையில் ராஜாஜி அரசு உட்பட, காங்கிரஸ் மாகாண அரசுகள் பதவி விலகின. ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 5-ல் கொழும்பிலும் 9-ல் திருகோணமலையிலும் குண்டு வீசின.

இரண்டாம் உலகப்போர்: அதே பாடம், தலைகீழாக

தற்காப்பு நிபந்தனை எதுவும் இல்லாத ஒப்பந்தம் வேண்டுமென்றால் 1939 மே 22-ல் ஜெர்மனியும் இத்தாலியும் செய்த எஃகு ஒப்பந்தத்தைப் பார்க்கலாம். ஒருவர் போரில் சிக்கினால், யார் தொடங்கினாலும், மற்றவர் உடனே எல்லாப் படையோடும் வர வேண்டும். செப்டம்பரில் ஜெர்மனி போலந்தைத் தாக்கியபோது இத்தாலி வரவில்லை. போருக்குத் தேவையான நிலக்கரி, எண்ணெய், உருக்கு, மாலிப்டினம் என்று ஜெர்மனியால் தரவே முடியாத அளவுக்கு ஒரு பட்டியலை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. பிரான்ஸ் வீழ்வது உறுதியான பிறகு, 1940 ஜூன் 10-ல் வந்தது. 1914-ல் கையெழுத்தே இல்லாத பிரிட்டன் வந்தது, 1939-ல் இறுக்கிக் கட்டிய இத்தாலி வரவில்லை.

1939 ஆகஸ்ட் 25-ல் பிரிட்டன் போலந்தோடு செய்த ஒப்பந்தம், 'ஓர் ஐரோப்பிய வல்லரசு' தாக்கினால் உதவுவோம் என்றது. அந்த வல்லரசு ஜெர்மனி மட்டுமே என்று இணைப்பில் ரகசியமாக எழுதியிருந்தார்கள். செப்டம்பர் 17-ல் சோவியத் படை கிழக்கிலிருந்து போலந்துக்குள் நுழைந்தபோது பிரிட்டன் மாஸ்கோ மீது போர் அறிவிக்காததற்கு இந்த வரி இடம் கொடுத்தது.

ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றையும் அச்சு நாடுகளாகக் கட்டிய 1940 செப்டம்பர் 27 ஒப்பந்தமும் தற்காப்புக்கானதே. அதுவரை போரில் இல்லாத ஒரு நாடு தாக்கினால்தான் உதவி. குறி அமெரிக்கா. 1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது ஜப்பானே என்பதால் ஹிட்லருக்குக் கடமை எதுவும் எழவில்லை. டிசம்பர் 11-ல் அவர் அமெரிக்கா மீது போர் அறிவித்தது சொந்த முடிவு. ஜப்பான் பதிலுக்கு சோவியத் ஒன்றியத்தைத் தாக்கவும் இல்லை. 1941 ஏப்ரலில் செய்த நடுநிலை ஒப்பந்தத்தை அது வைத்திருந்தது. ஜெர்மனியோடு போரிட சோவியத்துக்கு அமெரிக்கா அனுப்பிய சரக்கில் ஏறக்குறைய பாதி, சோவியத் கொடி கட்டிய கப்பல்களில், ஜப்பானின் வாசல் வழியே விளாடிவஸ்தோக் போனது. அச்சு நாடு ஒன்று அதைக் கண்முன்னே கடந்துபோக விட்டது.

கையெழுத்துக்குப் பின் சேர்ந்து வேலை செய்தார்களா என்பதில்தான் இரு அணிக்கும் பெரிய வேறுபாடு. பிரிட்டனும் அமெரிக்காவும் 1942 தொடக்கத்திலேயே வாஷிங்டனில் கூட்டுத் தலைமைத் தளபதிகள் குழுவை அமைத்து, கப்பல், எண்ணெய், படை எங்கே போக வேண்டும் என்று ஒரே மேசையில் பிரித்தன. அச்சு நாடுகளுக்கு அப்படியொரு மேசையே இல்லை. கிரேக்கத்தைத் தாக்கப்போவதை முசோலினி ஹிட்லருக்கு மறைத்தார். பேர்ல் துறைமுகத் திட்டத்தை ஜப்பான் பெர்லினுக்குச் சொல்லவில்லை. முதல் உலகப்போரில் நேச நாடுகளும் இந்தத் தவறைச் செய்தவைதான். மேற்கு முனையில் அவர்களின் படைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஃபெர்டினாண்ட் ஃபோஷிடம் போனது 1918 மார்ச் 26-ல், ஜெர்மன் தாக்குதலில் முன்வரிசை உடைந்துகொண்டிருந்தபோது.

இன்றைய செய்தியைப் படிக்கும்போது

1949-ல் உருவான நேட்டோ ராணுவக் கூட்டணி பற்றி, ஒருவரைத் தொட்டால் எல்லோரும் போரில் இறங்கியே ஆக வேண்டும் என்று தொலைக்காட்சி விவாதங்களில் சொல்கிறார்கள். அதன் ஐந்தாவது பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதானது என்று கருதப்படும் என்கிறது. அடுத்து, ஒவ்வொரு நாடும் தான் தேவை என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்கிறது. அதில் ஆயுதப் பயன்பாடும் அடங்கலாம். எது தேவை என்பதை முடிவு செய்வது அந்தந்த நாடே. ஆறாவது பிரிவு இடத்தையும் வரையறுக்கிறது: ஐரோப்பா, வட அமெரிக்கா, கடகரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் பகுதி. 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளை அர்ஜென்டினா பிடித்தபோது, அவை கடகரேகைக்கு வெகு தெற்கே இருந்ததால், பிரிட்டனுக்காக ஐந்தாவது பிரிவின் கடமை எழவில்லை.

ஐந்தாவது பிரிவு இதுவரை ஒருமுறைதான் இயங்கியிருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மறுநாள். ஐரோப்பாவுக்கு அமெரிக்கா ஓடிவர வேண்டும் என்று எழுதிய பிரிவின்கீழ், நேட்டோவின் கண்காணிப்பு விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டிப்போய் அமெரிக்க வானத்தில் ரோந்து சுற்றின. இரண்டு ஆண்டு கழித்து ஈராக் போருக்கு அமெரிக்கா அழைத்தபோது, அதே கூட்டணியின் ஜெர்மனியும் பிரான்சும் படை அனுப்ப மறுத்தன. ஒப்பந்தத்தில் அதைத் தடுக்கும் வரி எதுவும் இல்லை.